காற்றுக்குக் கணக்கு

மஞ்சக்குப்பம் கடையில்
மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார் ஜெயினுலாபுதீன்.
ஒன்று கரண்டில் ஓடுவது. ஒன்று பேட்டரி.
ஒன்றுக்குக் காற்று வேண்டும்.
"கதவு வேலையாம்மா?"
தேன்பெட்டிச் சட்டம் அடிக்க என்றேன்.
"கொட்டுற பூச்சிக்குக் கொட்டுற மிஷினா!"
இந்தப் பகடியை இதோடு பதினோரு பேர் சொல்லியாயிற்று.
சிரித்து வைத்தேன்,
விலை பேச வேண்டியிருந்தது.

இருபது பெட்டி, முந்நூறு சட்டம்,
மூவாயிரம் ஆணி.
தை பிறந்தால் முந்திரி பூத்துவிடும்.
இன்று கார்த்திகை இருபத்தொன்று.
சுத்தியல் பிடித்த கைக்கு
போன வருஷமே தெரியும் இந்தக் கணக்கு.
கட்டைவிரல் நகம் இப்போதுதான்
அடியிலிருந்து வெளுத்து வருகிறது.

பைக்குள் ஒரு சட்டம் கொண்டுபோயிருந்தேன்,
மாசியில் பிளந்தது.
தூக்கினேன், மேல்கட்டை மட்டும் கையோடு வந்தது.
மீதி, அடையும் தேனுமாக
பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டது.
எறும்பு ஏறியது.
மூன்றாம் நாள் கூட்டமே காலி.
நேராக அடித்த ஆணி,
நேராகவே உருவிக்கொண்டது.
இனிமேல் பக்கவாட்டிலும் ஒன்று,
காதுக்கு அடியில், குறுக்காக.

பேட்டரிக்காரன் கையில் பூப்போல இருந்தான்.
விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு
திரும்பப் படுக்க வைத்தேன்:
ஆறு கூட்டம் வாங்கலாம் அந்தக் காசில்.
கரண்ட் மிஷின் சுட்டது;
ஆணித்தலை நெல்லளவு வெளியே நின்றது.
நெல்லளவு போதும்,
பக்கத்துச் சட்டத்தில் உரசி
ராணியை நசுக்க.

மூன்றாவதற்குக் கடைக்காரரே குழாய் மாட்டினார்.
மூக்கை மரத்தில் அழுத்தினால்தான் சுடுமாம்,
அந்தரத்தில் எத்தனை இழுத்தாலும் ஊமை.
பிடித்துப்போனது எனக்கு.
டக்.
ஆணி போன இடம் ஒரு புள்ளி.
பிளந்த சட்டத்தையே திரும்பப் பூட்டி
ஐந்து கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டோம்.
ஆடியது.
டீ குடித்து முடிக்கும்வரை
ஆடி அடங்கி, நின்றது.

"கம்ப்ரசர் தனி. பதினோராயிரம்."
துப்பாக்கி மட்டும் போதும் என்றேன்.
"வண்டி வாங்காம ஹாரன் வாங்கிட்டுப் போறீங்க,"
பில் எழுதிக்கொண்டே சொன்னார்.
இதற்கு மெய்யாகவே சிரித்தேன்.

பண்ருட்டியில் பஸ் மாறி
காடாம்புலியூரில் இறங்கினால்
முக்கில் கலிவரதன் பஞ்சர் கடை.
குழாய் வாய் சேரவில்லை.
டப்பாவைக் கவிழ்த்து ஒரு பித்தளை மூக்கைப் பொறுக்கி
வெள்ளை டேப் சுற்றி முறுக்கினார்.
"லாரிக்கு நூத்திப்பத்து, பைக்குக்கு முப்பது.
இதுக்கு எவ்வளவு வைக்க?"
எழுபது என்றேன்.
அவர் தொண்ணூறு வைத்தார், பழக்கதோஷம்.
முதல் ஆணி மறுபக்கம் எட்டிப் பார்த்து
என் சுட்டுவிரலைக் கீறியது.
டியூபுக்கு ஒட்டும் துண்டையே விரலுக்கும் ஒட்டிவிட்டு
எழுபதுக்கு இறக்கினார், ஒன்றும் பேசாமல்.

"காத்துக்கு என்ன தரட்டும்?"
பைக்கென்றால் பத்து ரூபாய்.
சட்டத்துக்கு எப்படிக் கணக்கு?
தலையைச் சொறிந்தார்.
உள்ளிருந்து கனகவல்லி குரல்:
"பெட்டிக்கு ஒரு பாட்டில் தேனுன்னு சொல்லு!"
ஐந்து பெட்டிக்கு ஒன்று என்றேன் நான்.
மூன்றுக்கு ஒன்றில் வந்து முடிந்தது.

ஒன்பது மணிக்குமேல்தான் கடை எனக்கு.
மோட்டார் இரைந்து, தொட்டி நிறைந்து, அடங்கும்.
டக் டக் என்று பத்து,
சட்டம் ஒன்று அடுக்கில் ஏறும்.
நெய்வேலி போகிற லாரி ஒதுங்கியது,
பின் டயர் தொய்வு.
"இருங்க, அந்தம்மா முடிக்கட்டும்,"
கலிவரதன் கைகாட்டினார்.
டிரைவர் குந்தி உட்கார்ந்து
அடுக்கியதை எண்ணிக்கொண்டிருந்தான்,
கூலி வாங்காத மேஸ்திரி.

நாற்பத்திரண்டாவதோடு நிறுத்தினேன்.
ஒவ்வொன்றையும் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்து
சாக்கில் போட்டுக் கட்டி
சைக்கிளில் ஏற்றும்போது
பின்சக்கரம் நசுங்கியது.
தொட்டியில் மிச்சமிருந்த காற்றை
அதற்குப் பிடித்துவிட்டார்.
அது கணக்கில் இல்லை.